ஐந்து மறுப்புக் கடிதங்கள்

தனலெட்சுமி தன் வாழ்நாளில் ஒரு தாளைக்கூடக் கிழித்துப் போட்டதில்லை. தெப்ராவ் அடுக்கக வீட்டில், துணி அலமாரியின் மேல்தட்டில், அவருடைய கறுப்புக் கோப்பு இருந்தது. குடியுரிமை கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு வந்த ஐந்து மறுப்புக் கடிதங்களும் அதில் தேதிவாரியாகக் கோக்கப்பட்டிருந்தன. ஐந்திலும் ஒரே வாசகம். காரணம் ஒன்றிலும் இல்லை.

அவர் பிறந்தது கோத்தா திங்கி ஊருக்கு அப்பால், ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பிறப்பைப் பதிய வேண்டிய தோட்டத்து எழுத்தர், கிராணி, அந்த வாரம் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்ததும் மறந்துபோனார். அந்த மறதியால் தனலெட்சுமி ஐம்பத்தேழு வயதுவரை சிவப்பு ஐசியோடு, சிவப்பு அடையாள அட்டையோடு, வாழ்ந்தார். பிறந்த மண்ணிலேயே ‘நீ குடிமகள் அல்ல’ என்று சொல்லும் அட்டை அது. மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஒப்பந்தக் கூலியாகவே வேலை செய்தார். வாக்களித்துவிட்டு வந்தவர்கள் விரல் மையைக் காட்டிச் சிரித்த நாள்களில் தன் கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கணவர் குடிமகன் என்பதால் மகன் காளிதாஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. கணவர் இறந்தபின் அவனைப் படிக்கவைத்தது தனலெட்சுமியின் கூலிதான். அவன் இப்போது இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். காலனிய ஆட்சி மனித மனத்தில் விட்டுப்போன கறையை எப்படிக் கழுவுவது என்பதே அவனுடைய பாடம்.

தனலெட்சுமிக்குப் பள்ளிப்படிப்பு ஆறு வருடம். சட்டப் பிரிவுகளை அகராதியை வைத்துத் தானே படித்து, ஆறாவது விண்ணப்பத்தைத் தன் கையாலேயே எழுதினார். குடிமக்களுக்கான நீல ஐசி வந்தது. அன்றே பன்னிரண்டு நகல் எடுத்தார்.

இத்தனை கவனமுள்ளவர் ஒரு தவறு செய்தார், கவனத்தினாலேயே செய்தார். எல்லா விண்ணப்பங்களிலும் இருந்தது பழைய தோட்டத்து முகவரி. ஐசியிலும் அதுவே ஏறியது. எதிர்வீட்டு ஷாமளா அப்போதே எச்சரித்தாள்.

“அக்கா, அட்ரஸ மாத்திருங்க. அந்த லயம்தான் இடிச்சாச்சே, அங்க இப்ப வெறும் செம்பன மரந்தான் நிக்கிது.”

“வேணாம்மா. ஒரு எழுத்து மாறினாலும், யாரு இந்தப் பொம்பளன்னு முதல்லருந்து கேக்க ஆரம்பிப்பாங்க.”

அடுத்த வருடம் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரத்தச் சுத்திகரிப்பு. அதற்கு அடுத்த வருடம் பொதுத் தேர்தல் வந்தது. மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. வாக்காளர் பட்டியலில் தன் பெயரை முதன்முறையாகப் பார்த்தார். வாக்குச்சாவடி, பழைய தோட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம்.

சுத்திகரிப்பு மையத்தில் வேறு நாள் கேட்டார், காலியில்லை என்றார்கள். தபால் வாக்கு கேட்டுத் தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். எதிர்முனையில் பேசிய மலாய்ப் பெண் பொறுமையாகவே சொன்னாள்: தபாலில் போடக்கூடியவர்கள் போலீஸ், ராணுவம், பத்திரிகைக்காரர்கள், வெளிநாட்டில் வாழ்பவர்கள். பட்டியலில் நோயாளி இல்லை.

“தக் போலே, மாச்சிக்,” என்று முடித்தாள். முடியாது, அம்மா.

தனலெட்சுமி தேதியையும் நேரத்தையும் அவள் பெயரையும் குறித்துக்கொண்டார். பிறகு மகனைக் காணொளியில் அழைத்தார்.

“ஒனக்கு ஓட்டுச்சீட்டு வந்துச்சாப்பா?”

“வந்துச்சும்மா. மேசையிலதான் கெடக்குது.”

“சாட்சிக் கையெழுத்து வாங்கி சீக்கிரம் அனுப்பு. லேட்டா வந்தா எண்ண மாட்டாங்களாம்.”

அவன் சிரித்தான். “நான் போடப்போறதில்லம்மா. தொகுதி, சீட்டு, பெட்டி எல்லாமே வெள்ளைக்காரன் வச்சிட்டுப் போன சாமான். அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ கோடு போட்டா விடுதலைன்னு நம்மள நம்ப வச்சிட்டான். அத மறுக்கறதுதான் என் அரசியல்.”

“வெள்ளைக்காரன் வீட்ல வாடகைக்கு இருந்துக்கிட்டு சொல்ற.”

“அது வேற விசயம்மா.”

“எல்லாம் வேற விசயந்தான் ஒனக்கு. இங்க எனக்கு தபால்ல கெடையாதுன்னுட்டாங்கடா. நீ வேணாம்னு வச்சிருக்கியே, அது எனக்குக் கெடைக்கல. எனக்காகவாச்சும் போடேன்.”

“ஒங்களுக்குப் புரியாதும்மா,” என்றான் அன்பாகவே. “அப்புறம், அந்த அஞ்சு ரிஜெக்சன் லெட்டர் இருக்குல்ல? இங்க ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஒரிஜினலா வேணும். கூரியர்ல போட்டு விடுங்க.”

அவர் அழைப்பைத் துண்டித்தார்.

சனிக்கிழமை சுத்திகரிப்புக்குப் போகவில்லை. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் சேரும் என்று தாதி சொன்னதும் நினைவிருந்தது. ஷாமளாவின் கணவர் மணியம், சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேனை எடுத்தார். நீல ஐசியை ஞெகிழி உறையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார் தனலெட்சுமி.

கோத்தா திங்கியைத் தாண்டியதும் சாலையைக் காணவில்லை. செம்பனை மரங்களின் இடுப்பளவுக்குப் பழுப்புத் தண்ணீர். போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள்.

“அலமாக்! தண்ணி ஏறிருச்சுக்கா,” என்றார் மணியம். இறங்கிப்போய்க் கெஞ்சிப் பார்த்தார். மீட்புப் படகு சிக்கிக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். திரும்பி வந்தவர், “நாமளும் சிக்கிக்கிட்டவங்கதான்னு சொன்னேன். சிரிக்கிறானுங்கக்கா,” என்றார்.

“எறங்குனா எறங்கும். இருப்போம் லா.”

மணி இரண்டு, மூன்று, நான்கு. கால்கள் வீங்கிச் செருப்பின் வாரைக் கழற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தின் கூரை தண்ணீருக்கு அப்பால் தெரிந்தது. அங்கே மேட்டில் வரிசையும் தெரிந்தது. ஐந்து மணிக்குக் காளிதாஸின் முகநூல் பதிவு கைப்பேசியில் வந்தது. காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் பிரிக்காத தபால் உறை. கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி. ஆயிரத்து நானூறு பேருக்குப் பிடித்திருந்தது. எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். ‘மறுப்பு’ என்ற பொருளுள்ள சொல் அதில் மூன்று இடத்தில் இருந்தது. மறுப்பு என்ற சொல்லை ஆங்கிலத்திலும் மலாயிலும் அவர் எங்கே கண்டாலும் அறிவார்.

ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. அதற்குப் பிறகும் கால்மணி நேரம் அவர் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர். ஆறு நாள் தீவிர சிகிச்சை. ஏழாம் நாள் வார்டுக்கு மாற்றப்பட்டபோது மகனிடமிருந்து செய்தி வந்திருந்தது: ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்காட்சி இருபதாம் தேதி. கடிதங்களை ஷாமளா அக்காவிடம் சொல்லி அனுப்பினால்கூடப் போதும்.’

தனலெட்சுமி பிராணவாயுக் குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டுக் கைப்பேசியில் குரல் பதிந்து அனுப்பினார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை இருமல் வந்தது.

“கடிதாசி அஞ்சும் இங்கதான் இருக்கு. தபால்ல வராது. வேணும்னா நீ நேர்ல வா. வந்து வரிசையில நில்லு. நான் நின்னேன்.”

அவன் வரவில்லை. பதிலும் இல்லை. ஆகவே அந்தச் சொல் அவனைச் சுட்டிருக்கும் என்று அவர் நம்பினார். நம்பி மூன்று வாரம் கொஞ்சம் நன்றாகத் தூங்கவும் செய்தார்.

நான்காம் வாரம், வீடு திரும்பியிருந்தவரிடம் ஷாமளா தயங்கித் தயங்கி ஒரு காணொளியைக் காட்டினாள். காளிதாஸ் ஒரு மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டான். தனலெட்சுமியின் குரல், இருமலோடு. முடிந்ததும் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னான், பிறகு விளக்கினான். எஜமானின் வரிசையில் நின்று நின்று அந்த வரிசையையே நேசிக்கத் தொடங்கிய மனம் இது. என் தாயார்தான் என் முதல் ஆவணம். கடிதங்கள் கிடைக்கவில்லை, ஆனால் இந்தக் குரல் அவற்றைவிடச் சிறந்தது. கூட்டம் கைதட்டியது.

“அடப்பாவி,” என்றாள் ஷாமளா. “பெத்தவள இருமவிட்டுக் கைதட்டு வாங்கறான்க்கா.”

தனலெட்சுமி மறுபடி ஓட்டச் சொல்லி முழுவதையும் கேட்டார். பிறகு கோப்பை எடுக்கச் சொன்னார். வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டார். பேனாவை ஷாமளாவிடமே கொடுத்தார்.

“என்ன எழுதணும்க்கா?”

“தேதி. எடம். அவன் சொன்னது, தமிழ்ல, ஒரு சொல்லு விடாம. கீழ நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. ஐசி நம்பரும் எழுது.”

ஷாமளா எழுதி முடிக்க அரைமணி நேரமானது. தனலெட்சுமி ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தார்; ஓரிடத்தில் விட்டுப்போன ‘முதல்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். தாளில் இரண்டு துளையிட்டு, ஐந்தாவது மறுப்புக் கடிதத்துக்குப் பின்னால் அவரே கோத்தார். கோப்பை மூடி, மேல்தட்டிலேயே வைக்கச் சொன்னார்.