ஏழாம் இடத்தில் இருந்த வெற்றிடம்

கடந்த திங்கட்கிழமை காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல், மரணச் செய்தி, வந்தபோது நான் சாய்ந்தமருதுச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தபாலக உத்தியோகத்தர் ஜெஸீமா வஃபாத்தாகிவிட்டார் என்றார்கள். மீன்காரர் கத்தியை வைத்துவிட்டு, “ஆரு, நம்மட ஏழாம் நம்பர் மிஸ்ஸா?” என்று கேட்டார். ஓம் என்றேன். அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன் நான் கல்முனையில் ஒரு சிறிய வாரப் பத்திரிகையின் இளைஞர் பக்கத்தைப் பார்த்துவந்தேன். அச்சகம் மட்டக்களப்பில் இருந்ததால் வாராவாரம் எழுதியதைத் தபாலில் அனுப்புவேன். பக்கத்தின் மூலையில் ‘உலகப் பாடல் வரிசை’ என்று ஒரு கட்டம் வரும். கொழும்பிலிருந்து வரும் பழைய சஞ்சிகைகளைப் பார்த்து அதை நிரப்புவேன். ஒருநாள் தபாலகத்தில் முத்திரை கொடுத்த பெண் என் முகத்தைப் பார்த்து, “தம்பி, நீங்க முதலாமிடம் எண்டு போட்ட பாட்டு கீழ இறங்கி ரெண்டு மாசம்” என்றார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார். வெளிநாட்டு வானொலியில் அந்த வாரம் கேட்ட பட்டியல், ஒன்று முதல் பத்துவரை, அழகான கையெழுத்தில் இருந்தது. அவர்தான் ஜெஸீமா. எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியை அழைப்பதுபோல் அன்றிலிருந்து அவரைத் தாத்தா என்றேன்.

வாராவாரம் ஒரு தாள் தருவார். பாடல்களைவிட அவை ஏறி இறங்கும் விதத்தில்தான் அவருக்குப் பைத்தியம். கொப்பியில் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு வரி ஒதுக்கி, இங்கிலாந்தில் எத்தனையாம் இடம், ஜேர்மனியில் எத்தனையாம் இடம், அவுஸ்திரேலியாவில் எப்போது நுழைந்தது என்று குறித்திருப்பார். “முதலாமிடத்துக்கு வந்ததை எல்லாரும் பாப்பாங்க. எத்தின கிழமை நிண்டது எண்டுதான் நான் பாக்கிற” என்பார். ஒரு நாட்டில் விழுந்த பாடல் இன்னொரு நாட்டில் மெல்ல ஏறத் தொடங்கினால், சொந்தக்காரர் வீட்டில் நல்லது நடந்ததுபோல் கதைப்பார்.

அந்தக் கட்டத்தைப் பலர் பாராட்டினார்கள். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், “இராப்பகலா ரேடியோ கேக்கிறன்” என்று சொன்னேன். அவர் பெயரை ஒருமுறைகூட நான் போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு மாரி மழைக் கிழமையில் வானொலி தெளிவில்லாமல் இரைந்திருக்கிறது. அந்த வாரத் தாளில் ஏழாம் இலக்கத்துக்கு நேரே ‘கேட்கல்ல’ என்று மட்டும் எழுதியிருந்தார். பத்துப் பாடல்களுக்கான கட்டத்தில் வெற்றிடம் விட எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பிடித்த ஒரு பாடலை எழுதி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் பாலமுனையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டார். அதே ஒலிபரப்பை அவர் கசற்றில் பதிவுசெய்திருந்தார். அந்தப் பாடல் வரிசையிலேயே இல்லை. பட்டியல் போடுபவர் கனவில் கேட்டாரா என்று கிண்டல் செய்திருந்தார். ஆசிரியர் என்னிடம் விளக்கம் கேட்டார். நான் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன்: ‘ஏழாம் இடத்தில் நேர்ந்த பிழை, பட்டியலைத் தந்த சாய்ந்தமருது ஜெஸீமாவினுடையது. வருந்துகிறோம்.’

அவர் பெயர் என் பக்கத்தில் வந்தது அந்த ஒருமுறைதான்.

தபாலகத்துக்கு வந்தவர்கள் “ஏழாம் நம்பர் என்ன பாட்டு மிஸ்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். இங்கிலீசுப் பாட்டுக் கேட்கும் பொம்பிளை என்ற கதையும் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் நான் போனபோது, என் உறைக்கு முத்திரை குத்திவிட்டு, மேசை லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“இதில என்ன எழுதியிருக்கன்? வாசிங்க.”

“ஏழு, கேட்கல்ல.”

“கேக்காததக் கேட்டன் எண்டு நான் ஒருநாளும் எழுதினதில்ல தம்பி. இத அடுத்த கிழமை போடுங்க.”

“ஓம் தாத்தா, போடுறன்.”

எனக்குப் பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். திரும்பி, பிழை என்னுடையது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரமும் எதுவும் போடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. சில மாதங்களில் பத்திரிகையே நின்றுபோனது. அவர் மறுபடி கேட்கவுமில்லை, தாள் தரவுமில்லை. ஓய்வுபெறும்வரை முத்திரையை மரியாதையாகவே தந்தார். ஆனால் தம்பி என்பது போய், சேர் என்று ஆகிவிட்டது.

அவர் வஃபாத்தான மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். மகள் தேநீர் தந்து, அடுக்கிவைத்திருந்த கொப்பிகளைக் காட்டினார். தாத்தா போன மாதம்வரை எழுதியிருந்தார். “உம்மா இப்ப எல்லாம் ஃபோனிலதான் பாப்பா. முந்தி பாட்டு படிப்படியா ஏறும், இப்ப வந்த கிழமையே உச்சியில நிக்கிது, அடுத்த கிழமை ஆளையே காணல்ல எண்டு சிரிப்பா” என்றார். பிறகு, “உங்கட பேப்பரில உம்மாட பேர் வந்ததாமே? ஒருக்காச் சொன்னா. எங்களுக்குக் காட்டல்ல. உங்களிட்ட இரிக்கா?” என்று கேட்டார். அவர் முகத்தில் பெருமை இருந்தது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

தேட எதுவும் இருக்கவில்லை. அது என் அலுமாரியில்தான் இருந்தது. இரண்டு நாள் அதை எடுக்காமலே இருந்தேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். மகள் அந்த இரண்டு வரியை நின்றபடியே வாசித்தார்.

“உம்மா எங்களிட்ட உங்களப் பத்தி ஒரு கெட்ட கதையும் சொன்னதில்ல” என்றார். “நீங்க எழுதுங்க. ஆரு பிழை செஞ்ச எண்டு எழுதுங்க.”

இதோ, எழுதிவிட்டேன். ஏழாம் இடத்தில் பொய்யை எழுதியவன் நான். அவர் தந்த தாளில் இருந்தது உண்மை.

அன்று கிளம்பும்போது, அந்தப் பழைய பத்திரிகையை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மகள் அதை நாலாக மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார். “இது எங்களுக்கு வேணாம். நீங்களே வெச்சிரிங்க” என்றார்.

வைத்திருக்கிறேன்.