பிரிட்ஜுக்குள் மாட்டிக்கொண்ட விருந்து

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். வாசலில் வந்து நிற்பவர் வாய் திறக்க முன்பே, வந்த காரியம் எனக்குத் தெரிந்துவிடும்... என்றுதான் போன சனிக்கிழமை வரை நம்பியிருந்தேன்.

அன்று காலை பக்கத்து வீட்டு மிரியம் வந்தார். யூதர். ரஷ்யாவிலிருந்து மெல்பேர்னுக்கு வந்தவர். அவருடைய இங்கிலிஷும் என்னுடையதும் ஒரே தரம் – அதனால் நன்றாக விளங்கும்.

வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும் வரை அவர்களுக்கு ஓய்வு நாள். அடுப்பு மூட்டக்கூடாது. சுவிட்ச் போடக்கூடாது. 'எனக்காகப் போட்டு விடு' என்று இன்னொருவரைக் கேட்கவும் கூடாது.

"என்ர பேத்தியைக் கட்டப்போற பெடியன்ர வீட்டார் இண்டைக்கு முதல்முதலாச் சாப்பிட வருகினம்," என்றார்.

"நல்ல விசயம்."

"சாப்பாடெல்லாம் பிரிட்ஜுக்குள்ள."

"நல்லது."

"கதவைத் திறந்தா உள்ளுக்கு பல்ப் எரியும்."

"ஓம், எங்கட பிரிட்ஜிலயும் எரியும்."

"ஒவ்வொரு வெள்ளியும் அதைக் கழட்டி வைக்கிறனான். நேற்று மறந்து போனன்."

பாவம், சம்பந்தி வீட்டார் வரும் நாளில்... இடியப்பம் தரவா என்று கேட்டேன். அவர்களுடைய குசினிச் சட்டம் வேறாம், வெளிச் சமையல் ஆகாதாம். பிறகு அவரே தொடர்ந்தார்.

"இண்டைக்கு வெக்கை. எங்கட பிரிட்ஜில ஜூஸ் இருக்கு. தாகமெண்டா நீங்களே எடுத்துக் குடிக்கலாம்."

"இப்பத்தான் தேத்தண்ணி குடிச்சனான்."

அவர் முகம் வாடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் அரிசி முடிந்தால் முடிந்தது என்று நான் சொல்வேனா? கூடாத சொல்லை வாயில் எடுக்காமல், 'நிறைஞ்சு போச்சு' என்பேன். இந்த வயதில் இது எனக்கு விளங்காமல் போகலாமா?

"திடீரெண்டு தாகமாக் கிடக்கு," என்றேன்.

அவரோடு போய் அவர் வீட்டுப் பிரிட்ஜைத் திறந்தேன். பல்ப் எரிந்தது. ஜூஸுக்குக் குறுக்கே மீன், சாலட், கேக் என்று பெட்டி பெட்டியாக இருந்தன. இடைஞ்சலாக இருந்தபடியால் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு ஆறுதலாகக் கதிரையில் இருந்து குடித்தேன். மிரியம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல? நான் ஜூஸ் குடிக்கப் போனவள்.

மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்புச் சத்தம்.

"அம்மம்மா, அது சீட்டிங் எல்லோ?" என்கிறாள், கதையைக் கேட்ட என் பேத்தி அபி.

ஏமாற்ற நினைத்தவர் தானே கதவைத் திறந்திருப்பார். வீட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? இவர் வெயிலில் என் வாசல் வரை நடந்து வந்தார்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். இங்கே எழுதியது சரியா என்று, யாராவது வாசிக்க ஒருதரம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"என்ர கண்ணாடியைக் காணேல்லை," என்றேன், அபியின் பக்கம் திரும்பாமல்.

"வாசிச்சுக் காட்டட்டா அம்மம்மா?"

"நான் கேட்கேல்லை பிள்ளை. நீ விரும்பினா வாசி."