மாமா காட்டிய மியூசியம்

நிச்சயம் முடிந்த பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக வெளியே போகக் கூடாது என்பது எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் வழக்கம். அதனால் மாமா தனக்குப் பார்த்த பெண்ணை ஊட்டி மியூசியத்துக்கு அழைத்துப் போனபோது, கீழ் கோத்தகிரியிலிருந்து நானும் துணைக்குப் பஸ் ஏறினேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. மாமா சினிமாவுக்குக் கூப்பிட்டாராம். அந்த அக்காதான், இந்த ஊர் எப்படி ஊரானது என்று பார்க்க வேண்டும் என்றாராம்.

மாமா அம்மாவின் தம்பி. தேயிலை பேக்டரியில் வேலை. இலையை மோந்து பார்த்தே பக்குவம் சொல்லிவிடுவார். எழுத்துதான் வராது. அதனாலேயே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இந்த முறை அம்மா, தம்பி ஐந்தாவது வரை படித்தவன் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டாள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வரைக்கும் வாயைத் திறக்காதே என்று அம்மா எனக்குச் சொல்லி அனுப்பினாள். நான் எப்போதும் வாயைத் திறக்காத பிள்ளை. அதில் ஒரு கஷ்டமும் இருக்காது என்று நினைத்தேன்.

மியூசியத்தில் மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பலகையின் முன்னும் படிக்கிற நேரம் நின்றார். பிறகு விளக்கம் சொன்னார். ஒரு தகரப் பெட்டியைக் காட்டி, முதன்முதலில் தேயிலை விதை வந்தது இதில்தான் என்றார். கீழே தபால் பெட்டி என்று எழுதியிருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி அறையில் இரண்டு பக்கமும் நீளக் கழி வைத்த மர நாற்காலி ஒன்று இருந்தது.

"இது கல்யாணப் பொண்ணு பல்லக்குங்க," என்றார் மாமா. "அந்தக் காலத்துல பொண்ண நடக்க விடமாட்டாங்க."

"அப்படீங்களா? எனக்கு பஸ்தான் கெடச்சுது," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ இஸ்கூல் போற பையன்தானே. அதுல என்ன போட்டிருக்குன்னு படி பார்க்கலாம்."

ரோடு போடுவதற்கு முன் துரைமார்களை ஆட்கள் மலைமேல் சுமந்து வந்த நாற்காலி என்று போட்டிருந்தது. இரண்டு முறை மனசுக்குள் படித்தேன். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வேர்த்திருந்தது. ஊட்டிக் குளிரில்.

"கல்யாணப் பொண்ணு பல்லக்குன்னுதான் இருக்குதுங்க," என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாப் படிக்கிறே," என்றார். வெளியே வந்ததும் எனக்கு மட்டும் ஒரு பன் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது ஓலையும் வாசித்துக் கல்யாணம் நடந்தது. பூசை முடிந்து கோயில் புத்தகத்தில் மாமா பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு அத்தையான அந்த அக்கா சிரிக்கவும் இல்லை, திகைக்கவும் இல்லை. பேனாவை வாங்கி, தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊர்ப் பெயரையும் அச்சுப் போல எழுதினார். எங்கள் வாத்தியாருக்குக்கூட அப்படி எழுத வராது.

இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவர் அந்தப் பலகையை ஏன் என்னைப் படிக்கச் சொன்னார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. கண்ணாடி போடாமல் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.