பம்பு மாற்றும்வரை

கண்டி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பிரசவ வலி. பள்ளிக்கூட வாத்தியாரான நான் ஏறிய பஸ்ஸோ புசல்லாவைக்கு இப்பால் நின்றுவிட்டது. எஞ்சினுக்குப் பெற்றோல் ஏற்றும் பம்பின் சவ்வு கிழிந்து, சூடான எஞ்சின் மேல் பெற்றோல் ஒழுகியது. மடவளை ஊர் முஸ்லிமான டிரைவர் பதினேழு பேரையும் இறக்கினார். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, உதிரியாகக் கொண்டுவந்த புதுப் பம்பைக் கையில் வைத்தபடி எஞ்சின் ஆறக் காத்திருந்தார்.

மனைவிக்கு வலி எடுத்ததைச் சொல்லி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஆறு தடவை கேட்டேன். ஏழாம் தடவை கிட்டே போனபோது, பதற்றத்தில் சுருட்டைப் பற்றவைத்திருந்தேன். அவர் அதைப் பிடுங்கிச் சேற்றில் மிதித்தார்.

"என்ன மாஸ்டர், புள்ள பொறக்கக்குள்ள வாப்பா உசிரோட இருக்க வேணாமா?"

நாற்பது அடி தள்ளிப் போய் நின்றேன். பம்பை மாற்றியதும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டு முன் ஆசனத்தில் இருத்தினார்.

நான் போய்ச் சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பே மகள் பிறந்துவிட்டாள். அந்த இருபது நிமிடத்துக்காக அவரை ஒருநாளும் நொந்ததில்லை.