கயிற்றுக்குள் ஊசிப்புல்

எண்பதுகளின் கடைசியில், முதுகலை ஆய்வுக்காக, நகர விளிம்பிலிருந்த கீழ்க்கட்டளையைத் தாண்டிய புதர்க்காட்டில் ஊசிப்புல்லை அளந்துகொண்டிருந்தேன். எந்த மரத்தடியில் அது எவ்வளவு வளர்கிறது என்பதுதான் கேள்வி. அதற்காக இருபது இடங்களில், மீட்டருக்கு மீட்டர் சதுரமாக முளையடித்துச் சணல் கயிறு கட்டியிருந்தேன்.

நான்கு மாதத்தில் எனக்குத் தலை சுற்றியது. வெயிலோ நிழலோ, என் சதுரங்களுக்குள் புல் முழங்கால் உயரம் நின்றது. கயிற்றுக்கு வெளியே ஒரு சாண் தள்ளினால் அதே புல் கட்டையாகக் கிடந்தது. மண்ணைச் சோதித்தேன், ஒரே மண். சணல் கயிறு எந்த மாட்டையும் தடுக்காது, ஆகவே மேய்ச்சலும் காரணமில்லை என்று முடிவுகட்டினேன். புல்லுக்குக் கயிறு தெரியுமா என்ன?

ஒருநாள் மாடு மேய்க்கும் அக்கா ஒருவர், என் சதுரத்தை நெருங்கிய பசுவை அதட்டித் திருப்பினார். ஏன் என்று கேட்டேன்.

"யாரோ பிளாட் போட்டுகினு கீறாங்க தம்பி. வாங்கினவங்க சண்டைக்கு வருவாங்கன்னு நாங்க யாரும் மாட்ட உள்ள வுடறதில்ல."

"இத்தனூண்டு எடத்துல யாருக்கா வீடு கட்டுவாங்க?" என்றேன் எரிச்சலோடு.

"இந்தப் பக்கம் இப்ப இன்னா வேணா விக்கிறாங்க."

ஆய்வேட்டில் 'ஊசிப்புல்லின் இயற்கையான பரவல்' என்று தலைப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கயிற்றுக்கு உள்ளே இருந்தது இயற்கையா, வெளியே இருந்தது இயற்கையா என்று அன்றும் தெரியவில்லை. இப்போது போய்ப் பார்க்கலாமென்றால், அந்தக் காடு முழுக்க யார்யாரோ முளையடித்துவிட்டார்கள்.