நாலு விரல் நிழல்

போன கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் நிழல் இல்லாமல் போனது.

பொய்யில்லை. நல்ல பட்டப்பகல். லுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, பாங்கு சொல்லும் நேரம்.

முதலிலிருந்து வருகிறேன். பதினொரு வயது மகள் ஹனாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிப்பிக்கிறோம் என்பது இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதை எழுதிவிட்டு எங்கள் ஊர் சாய்ந்தமருதில் பாதிப் பேரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் தெரியும்.

தெரியாத ஒன்றை இன்றைக்குச் சொல்கிறேன். நான் தோற்றுப்போயிருந்தேன்.

ஹனாவின் கணக்குக் கொப்பி ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடந்தது. என்னுடைய காக்கா — எனக்கு மூத்தவர், ஊருக்குக் கணக்கு சேர், இருபது வருஷத்துக்கு மேல் படிப்பிக்கிறவர் — அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"தங்கச்சி, ஓ லெவல் சோதின வரக்குள்ள இந்தப் புள்ள என்ன செய்யும்? சித்திரை லீவு முடியட்டும். எங்கட பள்ளிக்கூடத்துல சேப்பம். ஃபோர்ம் நான் கொண்டு வாறன்."

நான் ஓம் என்றேன். ஹனாவிடம் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அப்படியானால் ஜனவரியிலிருந்து அவள் என்னதான் செய்தாள்? கோடு போட்டாள்.

எல்லாம் என் வாயால் வந்தது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "பன்னிரண்டு மணிக்கு சூரியன் உச்சியில நிக்கும், நிழல் காலடியில கிடக்கும்" என்று சொல்லிவிட்டேன். நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்? அவள் எழும்பி வெளியே போய்விட்டு வந்தாள்.

"பொய் உம்மா. கம்பத்துட நிழல் வடக்கால மூணு அடிக்குக் கிடக்கு."

கம்பம் என்றால் உடுப்புக் காயப்போடும் கயிற்றின் இரும்புக் கம்பம். சீமெந்து முற்றத்தில் ஆறடி உயரத்தில் நிற்கிறது. அன்றிலிருந்து லுஹர் பாங்கு கேட்டதும் கரித்துண்டோடு ஓடுவாள். நிழலின் நுனியில் ஒரு கோடு. மணிக்கூட்டைப் பார்க்கலாமே என்றால், "எங்கட மணிக்கூடு பிந்தும், பாங்கு சொல்ற மோதினார் பிந்தமாட்டார்" என்றாள்.

நாளுக்கு ஒரு விரல் அகலம். சில நாள் அரை விரல். கோடுகள் ஏணிப்படி மாதிரி கம்பத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. நான் முற்றத்தைக் கழுவி ஒரு தடவை அழித்தும்விட்டேன். கேட்டுக்கு அடித்து மிஞ்சிக் கிடந்த பெயின்றால் திரும்பவும் போட்டாள். பெருநாளுக்கு முந்திய கிழமை விரல் விட்டு எண்ணிவிட்டு வந்து சொன்னாள்.

"இன்னும் இருபத்திரண்டு நாள்ல கம்பத்துக்கு நிழலே இரிக்காது. போன்ல பாத்துச் சொல்லிரவேணாம் உம்மா."

பெருநாள் முடிந்த மறுநாள் முகம் வாடி வந்தாள். நிழல் அவள் கணக்கு வைத்த இடத்துக்கு நாலு விரல் பின்னால் விழுந்ததாம்.

"நீ சரியாப் பாத்திருக்க மாட்டாய்" என்றேன். வட்டிலப்பச் சட்டி கழுவுகிற அவசரம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் சொன்ன நாள் வந்தது. வாடைக்காற்று விட்டுப்போய்க் கடல் பாய் விரித்தது போல் கிடக்கிற காலம். இலைகூட அசையவில்லை, சீமெந்தில் வெறுங்காலை வைக்க முடியாத சூடு. பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாவையும் அவருடைய இரண்டு குட்டிப் பிள்ளைகளையும் ஹனா கூப்பிட்டிருந்தாள். லீவு விட்டிருந்ததால் காக்காவும் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிற வழியில் வந்து சேர்ந்தார். ஷேர்ட் பொக்கற்றில் மடித்த ஃபோர்ம்.

பாங்கு தொடங்கியது. எல்லோரும் கம்பத்தின் அடியைப் பார்த்தோம்.

நிழல் இருந்தது. வடக்குப் பக்கமாக, நாலு விரல்.

பாங்கு முடிந்தது. காக்காதான் அவள் தலையைத் தடவினார்.

"பறவாயில்ல மகள், கிட்டத்தட்டச் சரிதானே."

கிட்டத்தட்ட! அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹனா தலையை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். காக்கா என் பக்கம் திரும்பி, "பேனை ஒண்டு எடுத்துட்டு வா தங்கச்சி" என்றார்.

"மாமா... கம்பம் சரிஞ்சிரிக்கி போல."

காக்கா சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்!"

நானும் சிரித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சிரித்தேன்.

ஹனா அழவில்லை. நேரே கிணற்றடிக்கு ஓடி, மேலே போட்டிருந்த வலையை இழுத்துப் போட்டு எட்டிப் பார்த்தாள்.

"உம்மா! இஞ்ச வாங்க! மாமா, நீங்களும்!"

போய்ப் பார்த்தோம். பத்தடிக் கிணறு; இருபது வருஷமாகத் தண்ணீர் அள்ளுகிறேன். அதன் அடியை நான் கண்டதே இல்லை. அன்றைக்குக் கண்டேன். சுற்றுச் சுவரில் எந்தப் பக்கமும் நிழல் இல்லை. தண்ணீர் முழுவட்டமாக வெளிச்சம். அதற்கும் கீழே வெள்ளை மணல், எப்போதோ விழுந்த நீலச் சவர்க்காரப் பெட்டி, ஒரு கரண்டி. தண்ணீரில் எங்கள் தலைகளின் நிழல் மட்டும் நேர்கீழே விழுந்து கிடந்தது.

"கிணத்துக்குள்ள நிழல் இல்ல. கிணறு நேரா இரிக்கி" என்றாள் ஹனா. "கம்பம்தான் சரிஞ்சிரிக்கி."

அப்போதுதான் நாங்கள் எங்களையே பார்த்தோம். ஜெஸீமா ராத்தாவின் பிள்ளைகள் துள்ளினார்கள். அவர்களுக்குக் கீழே கறுப்பாகச் சின்ன வட்டம், அவ்வளவுதான். எனக்கும் அப்படியே. நீட்டிப் படுத்திருக்கும் நிழல் ஒன்றுகூட முற்றத்தில் இல்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் ராத்தா.

வருஷத்துக்கு இரண்டு தடவை இது என் தலைக்கு மேல் நடந்திருக்கிறது. நான் ஈரச் சாரனை உதறிப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இவ்வளவு பெரிய பூமி, அவ்வளவு தூரத்துச் சூரியன்... அந்தக் கணக்கு என் முற்றத்துச் சீமெந்தில் நாளுக்கு ஒரு விரலாக நடந்து வந்திருக்கிறது. அதை ஒரு கரித்துண்டால் ஒரு பிள்ளை பிடித்துவைத்திருக்கிறாள். நான் கொப்பி வெள்ளையாக இருக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காக்கா என்னிடம் தையல் நூல் கேட்டு வாங்கினார். மோட்டார்சைக்கிள் பூட்டுத் திறப்பை அதில் கட்டி, கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். திறப்பு ஆடி ஓய்ந்தது. கம்பத்தின் அடியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று தன் கையாலேயே அளந்தார்.

"நாலு விரல்" என்றார். திரும்பவும் அளந்தார். "அச்சொட்டா நாலு விரல்."

சாய்த்தது யார்? ஹனா என்னைப் பார்த்தாள்.

"பெருநாளுக்கு முதல்நாள் எல்லா யன்னல் கேர்ட்டினையும் ஒண்டாக் கழுவிக் காயப்போட்டீங்களே உம்மா."

ஓம். ஈரத்தோடு பதினொரு கேர்ட்டின். கயிறு கம்பத்தை வடக்கே இழுத்துவிட்டது. பிள்ளை மறுநாளே வந்து சொன்னாள். பிள்ளையின் கணக்கு பிழைத்தால் நாம் உடனே பிள்ளையைத் திருத்தப் போகிறோம். கம்பத்தை யார் பார்க்கிறோம்? முற்றம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் நாளும் வரத்தான் செய்கிறது.

காக்கா பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தார். பிளேன்ரீயைக் குடிக்காமல் முற்றத்துக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி என்ன நடக்கும் மகள்?"

"இனி நிழல் தெக்கால விழும் மாமா. ஜூன் வரைக்கும் நீளும். மறுகா திரும்பி வரும். செப்டெம்பர் மாதிரித் திரும்பவும் இல்லாமப் போகும் எண்டு நினைக்கிறன். கோடு போட்டாத்தான் தெரியும்."

நான் பேனையைக் கொண்டுவந்து வைத்தேன். சொன்ன சொல் சொன்ன சொல்தானே. காக்கா ஃபோர்மை மேசையில் விரித்தார். பேனையைத் திறந்தார். மூடினார்.

"பள்ளிக்கூடம் ஒண்டரைக்குத்தான் விடுற" என்றார்.

"ஓம், தெரியும்."

"அப்ப லுஹருக்கு ஆரு கோடு போடுற?"

அவரே ஃபோர்மை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். "செப்டெம்பர்ல கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன பிளேன்ரீயை ஒரே மடக்கில் குடித்தார். போகும்போது கம்பத்தில் கை வைக்கப் போனவர், ஹனா பார்ப்பதைக் கண்டு கையை எடுத்துக்கொண்டார். நிமிர்த்தக் கூடாதாம், நிமிர்த்தினால் கணக்கு மாறிவிடுமாம்.

ஆகவே, செப்டெம்பர் வரைக்கும் எங்கள் வீட்டு உடுப்பு மதிலில்தான் காயும்.