துடிக்கும் இதயமும் பதினாலாம் படுக்கையும்

என் தங்கை புருஷனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மூளை. நேரில் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவேன், வாங்க போங்க என்றுதான் பேசுவேன். பெண்ணைக் கொடுத்துவிட்டு வேறு என்ன செய்வது? மனதுக்குள் மட்டும் அவன், இவன், மூளை. இல்லாததைச் சொல்லி ஒருத்தனைக் கூப்பிடுவதில் தனி சுகம் இருக்கிறது.

ஆறடி உயரம், கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றில் ஒன்றுகூட எழுதாது. கல்யாணப் பேச்சு நடந்தபோதே எங்கள் அப்பாவிடம், "யார் யோசனையையும் நான் இரவல் வாங்க மாட்டேன் மாமா. எல்லாம் சொந்தச் சரக்கு" என்றான். அப்பா பூரித்துப் போனார். அந்த வசனமே அவன் அண்ணன் எல்லாரிடமும் சொல்வது என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வாய் மட்டும் இல்லையென்றால் இந்த ஆளை என்றைக்கோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஆறு வருஷத்தில் நாலு வேலை. எடை மெஷின் கம்பெனி, இன்வெர்ட்டர் கம்பெனி, அப்புறம் இரண்டு இடம். ஒவ்வொரு முறை வெளியே அனுப்பப்பட்டபோதும், "என் தரம் இவங்களுக்குப் புரியல" என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒவ்வொரு முறையும் தங்கை இரண்டு பெட்டியோடும் மகளோடும் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்து நிற்பாள். நாலாவது முறை வந்தபோது காலை முதல் மாலை வரை பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள். "விடும்மா" என்றால், "இருக்கட்டும்ணா, சும்மாதானே இருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்னால் பார்க்க முடியவில்லை. என் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனுக்கு ஐந்தாவது வேலை வாங்கிக் கொடுத்தேன். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த ஆள் நான்தான்.

எங்கள் கம்பெனி டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. ஒன்பது பேர். ஆஸ்பத்திரிகளுக்கு அழைப்புப் பலகை செய்கிறோம். படுக்கையில் இருப்பவர் பட்டனை அழுத்தினால் வராந்தாவில் இருக்கும் திரையில் படுக்கை எண் தெரியும், நர்ஸ் போவார். அவ்வளவுதான் அதன் வேலை. அதைச் சோதிப்பது என் வேலை. உள்ளே பல்புகள் எரியும் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம், 'அடுப்பு' என்போம். புது மாடல் எதுவானாலும் அந்த அடுப்பில் நாற்பத்தைந்து டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் தப்பில்லாமல் ஓட வேண்டும். பிறகுதான் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவேன். பன்னிரண்டு வருஷமாக என் கையெழுத்து இல்லாமல் ஒரு பலகை படி இறங்கியதில்லை.

திரையில் எண்களை வரைந்துகொண்டிருந்த மின்னணுச் சில்லை, அதைத் தயாரித்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்தார். மூளை எழுந்து நின்றான்.

"கவலைப்படாதீங்க சார். ஜிபியுவை நானே பண்றேன். சொந்த டிசைன்."

ஜிபியு என்றால் படம் வரைவதற்கென்றே உள்ள செயலி. அதைச் செய்கிற அறிவுக்கு இவன் எங்கே போவது? அவன் வாங்கி வந்தது உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஃப்பிஜிஏ போர்டு. அதில் உள்ள சில்லு வெறும் சிலேட்டு மாதிரி. நமக்கு வேண்டிய சுற்றை எழுதி இறக்கினால் அதுவாகவே மாறிவிடும். எழுதும் சாமர்த்தியம்தான் வேண்டும். அந்தச் சாமர்த்தியம் எங்கேயோ இருக்கிற ஒரு மனுஷனுக்கு இருந்தது. தான் எழுதிய ஜிபியுவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். மூளை அதை இறக்கிக்கொண்டான்.

ஒருநாள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மேலே நாலு வரியை அழித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள அழிக்கிறீங்க?"

"தேவையில்லாத கமெண்ட் மச்சான். அடைசலா இருக்கு."

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்தை நானே தேடிப் படித்தேன். அந்த மனுஷன் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: கோப்பின் தலைப்பில் என் பெயர் இருக்கட்டும். கூடவே ஓர் எச்சரிக்கை. இந்தச் சின்ன போர்டில் வேகத்தை இருபத்தைந்து மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் மென்பொருள் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். அதையும் மீறினால் குளிர்ந்த அறையில் ஓடும், சூட்டில் தப்பாகக் காட்டும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் கொடுத்தவர் தாராளமாகவே கொடுத்திருந்தார். அவர் பெயரைக்கூட விட்டுவைக்க இவனுக்கு மனமில்லை.

அதோடு நின்றானா? எண் காட்டும் திரை சும்மா இருக்கும் நேரத்தில் ஓர் இதயம் துடித்துக்கொண்டே சுழல வேண்டும் என்று கிளம்பிவிட்டான். கேட்டது யார்? ஒருவரும் இல்லை. இருபத்தைந்தில் இதயம் திக்கித் திணறியது. ஐம்பதுக்கு ஏற்றினான். வழுக்கிக்கொண்டு சுழன்றது. கணினியில் சிவப்பு வரிகள் மளமளவென்று இறங்கின.

"மாப்ள, என்ன இவ்ளோ சிவப்பா வருது?"

"அந்த சாஃப்ட்வேர் ஒரு பயந்தாங்கொள்ளி மச்சான். எதுக்கெடுத்தாலும் கத்தும். நம்ம ரூம்ல எப்படி ஓடுது பாருங்க!"

ஓடத்தான் செய்தது. எங்கள் அறையில் ஏசி பதினெட்டில் இருக்கும். முதலாளி இதயத்தைப் பார்த்துக் கைதட்டினார். ஆஸ்பத்திரிக்காரர்களைக் கூட்டி வந்து காட்டினார், அவர்களும் வாயைப் பிளந்தார்கள். திங்கட்கிழமையே மாட்டிவிட வேண்டும் என்றார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சோதனைத் தாளை எடுத்தேன். "அடுப்புல வெச்சுப் பாத்துடலாம் மாப்ள" என்றேன். மூளையின் முகம் சுண்டிப்போனது. சிவப்பு வரிகளின் அர்த்தம் அவனுக்கும் தெரியும், படுபாவிக்கு.

"என் மேல நம்பிக்கை இல்லையா மச்சான்? சரி, வைங்க. அது நின்னு போச்சுன்னு எழுதுங்க. சொந்த மச்சானே எழுதிட்டார்னு சார் என்னை அனுப்பிடுவார். உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

கழுவிய டம்ளரைத் திரும்பக் கழுவும் கைகள் என் கண்முன் வந்தன. 'அடுப்பு: இரண்டு மணி நேரம், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுப்பின் பல்பைக்கூட நான் போடவில்லை.

பலகை மாட்டிய வராந்தாவில் ஏசி கிடையாது, மேலே தகரக் கூரை. வியாழக்கிழமை மத்தியானம் பதினாலாம் படுக்கைக்காரர் பட்டனை அழுத்தினார். திரை '4' என்று காட்டியது. முன்னால் இருக்க வேண்டிய '1'ஐ அது வரையவே இல்லை. நர்ஸ் நாலாம் படுக்கைக்குப் போனார். "நான் கூப்பிடலையேம்மா" என்றார் அங்கிருந்தவர். மறுபடி '4', மறுபடி போனார், அதே பதில். மூன்றாவது முறை, இந்த மனுஷன் நம்மை வைத்து விளையாடுகிறார் என்று நர்ஸ் எழுந்திருக்கவில்லை. குடலிறக்க அறுவை முடிந்து இரண்டாம் நாள் பதினாலில் படுத்திருந்தவர் ஒரு தையல்காரர். கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தானே இறங்கினார். விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

வெள்ளிக்கிழமை பலகையைக் கழற்றி வந்து நானே அடுப்பில் வைத்தேன். பதினோராவது நிமிஷம் பதினாலு நாலாகிவிட்டது. இதயம் மட்டும் ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. இதயத்தை எடுத்துவிட்டு, வேகத்தை இருபத்தைந்துக்கு இறக்கி மறுபடி வைத்தேன். இரண்டு மணி நேரமும் ஒழுங்காக ஓடியது. பெயர் அழிக்கப்பட்ட அந்த மனுஷன் எழுதியதில் ஒரு குறையும் இல்லை.

முதலாளி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்க சொந்த டிசைன்தானே இது?" என்று மூளையைக் கேட்டார்.

"சொந்த டிசைன்னு எங்க சார் சொன்னேன்?" என்றான் மூளை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "நெட்ல ஃப்ரீயா கிடைச்சது. எவனோ எழுதினது. நான் போர்டுல ஏத்தினேன், அவ்வளவுதான். செக் பண்ண வேண்டியது டெஸ்டிங் சார். மச்சான் பாத்து கையெழுத்துப் போட்டிருக்காரே."

முதலாளி தாளை என் பக்கம் நகர்த்தினார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. என்னுடையது.

"அடுப்புல வெச்சீங்களா?"

'இவன் மிரட்டினான்' என்று சொல்லியிருக்கலாம். என்ன மிரட்டினான்? தங்கையிடம் சொல்லச் சொன்னான், அவ்வளவுதான். அவனைத் திட்டித் திட்டியே இத்தனை நாள் என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் அழித்தது நாலு வரி. நான் எழுதியது ஒரு வரி. தையல்காரரின் கையை உடைத்தது என் வரி.

"வெக்கல சார்" என்றேன்.

"பன்னிரண்டு வருஷமா உங்க கையெழுத்தை நம்பித்தான்யா நான் ராத்திரி தூங்கினேன்" என்றார் அவர். கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். என் மேஜைச் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு டயர் கடைப் படியில் இறங்கினேன். மூளை மாடியிலிருந்து, "மச்சான், அந்த வேகத்தை எங்க குறைச்சீங்க? சார் கேட்டா சொல்லணும்" என்று கத்தினான்.

தெருமுனைக்கு வருவதற்குள் தங்கை போனில் கூப்பிட்டாள். விஷயம் அரைகுறையாக அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"அண்ணா, அவருக்கு வேலை போயிடுமா?"

"இல்லம்மா. அவர் வேலை இருக்கு."

"அப்பாடா" என்றாள். "நீ அங்க இருக்கறதுனாலதான்ணா எனக்கு தைரியமே."